கழுத்துக் கறுப்பு

கோலாலம்பூர்
06.01.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். என் நம்பரை நீங்கள் புளொக் பண்ணிவிட்டபடியால் பேனையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் ‘எமது வீதி பழுதடைந்தமை பற்றிப் பிரதேச செயலாளருக்கு’ எழுதிய பிறகு நான் ஒழுங்காக எழுதும் முதல் கடிதம் இது. அந்த வீதியே இன்னும் திருந்தவில்லை. நம் விசயம் திருந்துமா என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன இடத்துக்காகத்தான் கேட்கிறேன், சொன்ன விசயத்துக்காக இல்லை. விடுமுறைக்கு வந்த இடத்தில் சொந்த அக்கா மகளின் சம்பந்தத்தைக் குழப்பிவிட்டுப் போனவள் என்று ஊரெல்லாம் என்னைப் பேசுவது தெரியும். ஆனால் நான் கண்டதையும் நீங்கள் ஒரு தடவை கேட்க வேண்டும்.

அட்டாளைச்சேனையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று விடியற்காலையிலேயே ஹிமாயாவைக் கிணற்றடியில் இருத்தி, அவள் கழுத்தைத் தேசிக்காய்ப் புளியும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்தீர்கள். தோல் உரிந்து சிவந்துபோயிற்று. அவள் வாளியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “காணும் உம்மா, காணும் உம்மா” என்றாள். நான் தடுத்தேன். “வந்தவங்க போகட்டும், பிறகு உன்ட படிப்பைக் காட்டு” என்றீர்கள். சரியென்று வாயை மூடினேன்.

பிறகு ஹோலில் மாப்பிள்ளையின் தாய், “புள்ளட கழுத்து என்ன இப்பிடிக் கறுத்திரிக்கி?” என்று கேட்டா. நீங்கள் சிரித்துக்கொண்டு, “இவளுக்குக் குளிக்கப் பஞ்சி மாமி, ஊத்தை” என்றீர்கள். ஹிமாயா தலையைக் குனிந்தாள். அந்தக் குனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “அது ஊத்தை இல்ல மாமி, சீனி வருத்தம் வாறதுக்கு முந்தின அடையாளம்” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

அவள் ஊத்தைக்காரி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் ராத்தா. பத்தொன்பது வயதுப் பிள்ளை. நீரிழிவு இருக்கிறதா என்று வெறும் வயிற்றில் ஒரு தடவை இரத்தம் சோதித்துப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நஸ்லியா


சாய்ந்தமருது
24.01.2025

நஸ்லியா,

வ அலைக்கும் ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் சொன்னேன். மற்றதெல்லாம் என் இஷ்டம்.

உன் கடிதத்தைத் தபால்காரக் கச்சிமுகம்மது காக்கா கேற்றடியில் நின்றே, “தங்கச்சி மலேசியாவிலிருந்து போட்டிரிக்கா போல, கோவம் தீந்திட்டா?” என்று கேட்டுத்தான் தந்தார். இதுதான் ஊர். ஒரு வீட்டில் மீன் கருகினால் மூன்றாம் வீதியில் மூக்கைப் பொத்துவார்கள். இங்கே இரத்தம் சோதிக்கச் சொல்கிறாய். மெயின் வீதி லேப்பில் ஊசி போடுகிற பிள்ளை அந்த மாப்பிள்ளையின் பெரியம்மா மகள். நாங்கள் காலையில் கை நீட்டினால் அஸர் தொழுகைக்கு முன்னமே அட்டாளைச்சேனைக்குச் செய்தி போய்ச் சேரும். நீ வாயால் சொன்னதை நான் கடதாசியில் எழுதிக் கையில் கொடுக்கவா?

ஊர் வழமையை மறந்துவிட்டாயா? பெண் பிள்ளைக்கு வீடு கட்ட வேண்டும். உன் மச்சான் மேல்மாடியைக் கட்டிப் பூச்சு முடிக்கிறதுக்குள் பாதி மனிசனாகிவிட்டார். வீடு மட்டும் காணாது, இப்போது உடம்பையும் பார்க்கிறார்கள். போன வருசம் ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டு, “வீடு பெரிசுதான், புள்ளையும் பெரிசு” என்று படியிறங்கும்போதே சொன்னாள். நீ அங்கே ஏசி அறைக்குள் நுணுக்குக்காட்டியில் கொழுப்பைப் பார்க்கிறாய். நான் இங்கே மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவளுக்கு ஒன்றுமில்லை. வாயைக் கட்டாத குறைதான். அந்தக் கூட்டம் எழும்பிப் போன அன்றிலிருந்து அவளைப் பொதுச் சஹன் தட்டிலிருந்து தூக்கிவிட்டேன். நாங்கள் நாலு பேரும் ஒரு தட்டில் சாப்பிடுகிறோம், அவளுக்குத் தனிப் பீங்கான், ஒரு அகப்பைச் சோறு. சின்னவள்கள் இரண்டு பேரில் ஒருத்தி அழுதுகொண்டு தன் மீனை அவளுக்குக் கொடுக்கப் போனாள், போனவளுக்கு ஒரு அடி போட்டேன். “பசிக்குது உம்மா” என்றாள் ஹிமாயா. அந்த உடம்பை வைத்துக்கொண்டு பசி என்றால் யார் நம்புவது? பொய்.

கையெழுத்து இன்னும் கோழி கிண்டின மாதிரித்தான் இருக்கிறது.

ஆதிலா


கோலாலம்பூர்
12.02.2025

ராத்தா,

கோழி கிண்டினாலும் நீங்கள் படித்துவிட்டீர்கள், அது காணும்.

இந்தக் கடிதம் நீளம். சோறு ஆக்கி முடித்து, ஆறுதலாக இருக்கும்போது படியுங்கள். அவள் பொய் சொல்லவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாப்பா நாவிதன்வெளியில் செய்த வேளாண்மை ஒரு வருசம் அளவுக்கு மீறி விளைந்தது நினைவிருக்கிறதா? களஞ்சிய அறை நிரம்பி, நெல் மூட்டை ஹோலுக்கு வந்து, கட்டிலுக்குக் கீழே வந்து, கடைசியில் உம்மா தொழுகிற இடத்துக்கும் வந்தது. அந்து பறந்து வீடெல்லாம் சொறி. கொழுப்பும் அப்படிக் கிடக்கிற மூட்டைதான் என்று நானும் படிக்கப் போகும்வரை நினைத்திருந்தேன். அது சும்மா கிடப்பதில்லை ராத்தா. அது பேசும். ஒவ்வொரு கொழுப்புக் கலமும், அதாவது செல்லும், நாள் முழுதும் இரத்தத்தின் வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. நான் ஏசி அறைக்குள் செய்வது அந்தப் பேச்சைக் கேட்கிற வேலைதான்.

அதில் ஒரு செய்தியின் பெயர் லெப்டின். அது மூளைக்குப் போய், “காணும், கையிருப்பு இருக்கிறது, சாப்பாட்டை நிறுத்து” என்று சொல்லும். ஹிமாயாவின் உடம்பில் அது குறைவில்லை, உங்களையும் என்னையும் விடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் ஓயாமல் கேட்டுக் கேட்டு மூளை அதைக் காதில் வாங்குவதை விட்டுவிடும். சந்தியில் மீன் லொறிக்காரன் நாள் முழுக்க ஸ்பீக்கரில் கத்தினால் நமக்கு அது கேட்காமலே போய்விடும் அல்லவா, அப்படி. வயிறு நிறைந்தாலும் அவள் மூளைக்குப் பட்டினி. அவள் பசி என்றால் பசிதான்.

இன்னொரு செய்தி நல்லது. இன்சுலின் தன் வேலையைச் செய்ய அது உதவும். கலம் உப்ப உப்ப அந்தச் செய்தி குறைந்துபோகும். அளவுக்கு மீறி உப்பிய கலங்களுக்கு மூச்சு முட்டும், சில செத்தும் போகும். துப்புரவாக்க வெள்ளணுக்கள் வந்து கூடும். வந்தவை சும்மா இராமல் அழற்சியைக் கிளப்பிவிடும். இடமில்லாத கொழுப்பு ஈரலுக்குள்ளும் தசைக்குள்ளும் வழியும். இதெல்லாம் சேர்ந்து உடம்பு இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போய்விடும். கணையமோ விடாமல் இன்னும் இன்னும் இன்சுலினைக் கொட்டும். அந்தக் கூடுதல் இன்சுலின்தான் கழுத்துத் தோலைத் தடிக்க வைத்துக் கறுக்க வைக்கிறது. ஒரு தோட்டத்துத் தேசிக்காயைத் தேய்த்தாலும் அது போகாது. உள்ளேயிருந்து வருகிற கறுப்பை வெளியே நின்று கழுவ முடியாது.

கணையம் களைத்துப்போனால் சீனி ஏறும். தண்ணீர் விடாய் கூடும், அடிக்கடி சிறுநீர் போகும். அப்படி ஏதும் கண்டால் உடனே காட்டுங்கள். ஊர் லேப் வேண்டாமென்றால் மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்கும் தெரியாது.

பயப்படவும் வேண்டாம். கொஞ்சம் மெலிந்தாலே, பத்துக் கிலோ குறைந்தாலே, அந்தச் செய்திகள் திருந்தத் தொடங்கிவிடும். அவளை மட்டும் திரும்பச் சஹனில் சேர்த்துக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நஸ்லியா


சாய்ந்தமருது
11.03.2025

அன்புத் தங்கச்சி,

ஸலாம். நோன்பு பத்து முடிந்துவிட்டது. கஞ்சி அடுப்பில் கிடக்கிறது, கிண்டக் கிண்ட எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அகப்பையைப் பேசு, என்னைப் பேசாதே.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பாதி விளங்கியது, மீதியை ஹிமாயா படித்து விளக்கினாள். படித்து முடித்துவிட்டுத் தன் வயிற்றைத் தட்டி, “சாச்சி சொல்றது சரிதான் உம்மா, நான் ஒரு ஆள் இல்ல, ஒரு ஜமாஅத். எல்லாரும் ஒரே நேரத்தில கதைச்சா யாருக்குக் கேக்கும்?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு குசினிக்குள் போய் அழுதேன். பசிக்கிறது என்று பிள்ளை சொன்னதைப் பொய் என்றேனே.

முதல் நோன்பன்றே அவளைச் சஹனில் சேர்த்துவிட்டேன். சின்னவள்கள் இரண்டு பேரும் தங்கள் ராத்தாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உன் சொல்லைக் கேட்டுவிட்டேன், சந்தோசமா?

இப்போது நல்ல செய்தி. உட்கார்ந்துகொள். உன் மருமகள் மெலிந்துவிட்டாள்! நான் ஒன்றும் செய்யவில்லை, அல்லாஹ் நோன்பின் பறக்கத்தால் இறக்கிவிட்டான். மாசி மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இந்தப் பத்து நாளில் சட்டென்று. அவளுடைய கறுப்பு அபாயாவை இரண்டு பக்கமும் நாலு விரல் பிடித்துத் தைத்தேன். மச்சானின் கடைத் தராசில் நிறுத்தால் பதினொரு கிலோ குறைவு. நீ பத்துக் கிலோ என்றுதானே எழுதினாய்? ஒன்று கூடவே கொடுத்துவிட்டோம். செய்திகளெல்லாம் இந்நேரம் திருந்தியிருக்கும்.

விடாய் என்று எழுதியிருந்தாய். நோன்பு மாதத்தில் யாருக்குத்தான் விடாய் இல்லை? நோன்பு திறந்ததும் ஒரு ஜக்கு நிறையச் சர்பத்தைக் குடிக்கிறாள், பிறகு சோடா கேட்கிறாள். “ஆசைக்கும் அளவிரிக்கு மகள்” என்று ஏசினாலும் கொடுத்துவிடுகிறேன், மெலிந்த பிள்ளைதானே. விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பத்தான் பெரும் பாடு, அவ்வளவு களைப்பு. பெருநாளுக்கு மருதோன்றி போட இப்போதே பதினாலு பெண்கள் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முந்தி ஒரே இருப்பில் நாலு கைக்குப் பூ வரைவாள், இப்போது ஒரு கை முடியவே சுவரில் சாய்கிறாள். பெருநாள் முடியட்டும், நீ சொன்ன மாதிரி மட்டக்களப்பில் காட்டுவோம். நோன்போடு அலைக்கழிக்க வேண்டாமென்று பார்க்கிறேன்.

கழுத்துக் கறுப்புத்தான் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மெதுவாகத் தேய்க்கிறேன், கோபிக்காதே. ஒரு நல்ல இடம் நிந்தவூரிலிருந்து வருகிறது.

உன் நம்பரைப் பெருநாளன்று திறந்துவிடுகிறேன். அதுவரை கடிதமே எழுது. தபால்காரருக்குக் கேற்றடியில் பதில் சொல்ல எனக்கும் பிடித்துப்போயிற்று.

உன் ராத்தா


கோலாலம்பூர்
23.03.2025

ராத்தா,

உங்கள் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. ‘பதினொரு கிலோ’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உடனே, உங்கள் கோபத்துக்குப் பயந்து இதுவரை கூப்பிடாத மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவர் தூக்கவில்லை, திரும்ப எடுத்தேன். ஏழாவது தடவை அவர் எடுத்து, “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க மச்சான், இப்பவே, இந்த நிமிசமே” என்று நான் கத்தியதை முழுதாகக் கேட்டுவிட்டு, “நேத்து அஸருக்குப் பிறகு புள்ளைய அடக்கியாச்சு தங்கச்சி” என்றார்.

 இதை நீங்கள் என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது. அந்த மெலிவு நோன்பால் வந்ததில்லை. சீனி மிஞ்சிப்போய், உடம்பு அதைப் பயன்படுத்த முடியாமல் சிறுநீரோடு கொட்டி, தன்னைத்தானே தின்றதால் வந்தது. சட்டென்று மெலிவதும் ஓர் அடையாளம் என்பது எனக்குத் தெரியும். பெப்ரவரிக் கடிதத்தில் அதை எழுதினேன். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்து வேறு தாளில் எழுதினேன். மெலிவதும் ஆபத்து என்றால் நீங்கள் குழம்பி, எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். சுகமான செய்தியோடு முடிக்க வேண்டுமென்று பத்துக் கிலோ என்று எழுதினேன்.

நோன்பு வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். விடாய் என்று எழுதியவளுக்கு, நோன்பில் அதை எப்படிப் பிரித்தறிவது என்று எழுதத் தோன்றவில்லை. இதையே படித்து, இதற்கே சம்பளம் வாங்குகிறேன். ஆயிரம் பேருடைய கொழுப்புக் கலத்தின் பேச்சைக் கேட்டேன், உங்கள் வீட்டுக்கு ஒரு வரி ஒழுங்காக எழுதத் தெரியவில்லை.

என்னை ஏசுங்கள். எழுதி ஏசுங்கள். நான் வரவா வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

நஸ்லியா


சாய்ந்தமருது
07.04.2025

நஸ்லியா,

உன்னை ஏச வேண்டுமென்று நாலு நாள் உட்கார்ந்தேன். பேனையைப் பிடித்தால் என் கைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பதினேழாம் நோன்பன்று அவளுக்கு வாந்தி. நோன்பை விட்டுவிட்டுப் படு என்றேன். விடாய் விடாய் என்றாள். கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன், சர்பத்தும் சோடாவும். என் கையாலேயே கொடுத்தேன் தங்கச்சி. அடுத்த நாள் பேச்சுக் குழறியது. என்னைப் பார்த்து, “சாச்சி, மருதோன்றி காயல்ல, கைய அசைக்காதீங்க” என்றாள். மச்சான் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள், மெசினில் இலக்கம் வரவில்லை. அதற்கு மேல் மெசினுக்கு எண்ணத் தெரியாதாம். டொக்டர், “எவ்வளவு நாளா சீனி வருத்தம்?” என்று கேட்டார். நான் பர்தாவை இழுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன், தெரிந்த முகம் ஏதும் நிற்கிறதா என்று. அந்த நேரத்திலும் பார்த்தேன். “அப்பிடி ஒண்டுமில்ல டொக்டர்” என்றேன்.

இரண்டு நாள் கிடந்தாள். கண் திறக்கவில்லை.

நீ கிழித்த தாளைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தத் தாள் வந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்று தெரியாது. மெலிந்த பிள்ளையைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பெருநாளன்று உன் நம்பரைத் திறப்பேன் என்று விளையாட்டுக்கு எழுதினேன். ஒரு போன் கோல் நீ எடுத்திருந்தால், ‘ராத்தா மெலிஞ்சிட்டா’ என்று சின்னவள் ஒருத்தி உனக்குச் சொல்லியிருந்தால், நீ அன்றைக்கே கத்தியிருப்பாய். 

பெருநாள் வந்தது, போனது. மருதோன்றிக்குச் சொல்லி வைத்த பெண்கள் வெறுங்கையோடு வந்து முற்றத்தில் நின்று அழுதார்கள். சஹனைச் சுற்றி நாலு பேர் உட்காருகிறோம். சின்னவள்கள் நடுவில் இடம் விட்டுத்தான் உட்காருகிறார்கள், நெருங்கி உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முந்தாநாள் சின்னவள்கள் இரண்டு பேரையும் இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு மெயின் வீதி லேப்புக்கே போனேன். ஊசி போடுகிற பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பிடித்தது. இப்போதைக்கு இரண்டு பேருக்கும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஹிமாயாவின் மையித்தைக் குளிப்பாட்ட ஜெனூபா லாத்தா வந்தா. நானும் கூட நின்றேன். சொந்தத்திலும் அயலிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் திரைக்குள் நின்றார்கள். அந்த அட்டாளைச்சேனைத் தாயும் வந்திருந்தா. லாத்தா இலந்தை இலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, முடியை ஒதுக்கி, கழுத்துக்கு வந்ததும் நின்றா. துணியைச் சுருட்டிக்கொண்டு, “புள்ளட கழுத்தில ஊத்தை இரிக்கி, கொஞ்சம் அழுத்தித் தேச்சு விடுவம்” என்றா.

நான் அவ கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தேய்க்க வேணாம் லாத்தா. அது ஊத்தை இல்ல. என்ட புள்ளைக்குச் சீனி வருத்தம்” என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பிறகு துணியை வாங்கி, நானே கழுவினேன். தண்ணீரை மட்டும் ஊற்றினேன், கை படாத மாதிரி.

வா தங்கச்சி. நம்பரைத் திறந்துவிட்டேன்.

ராத்தா